‘வாறன்’ என்னும் வினைமுற்று

ஆங்கிலங் கற்கும் நம் மாணவர் பழைய விவிலியத்தையோ ஷேக்ஸ்பியர் நாடகமொன்றையோ முதன்முதலாகத் திறக்கும்போது ஓரிடத்தில் இடறி நிற்பதைக் காணலாம். ‘வருகிறான்’ என்பதற்கு ‘கம்ஸ்’ என்று இலக்கணப் புத்தகத்திலே படித்திருப்பார்கள். நூலிலோ ‘கமெத்’ என்று இருக்கும். ‘ஹாஸ்’ என்பது ‘ஹாத்’ என்றும், ‘டஸ்’ என்பது ‘டத்’ என்றும் வரும். இவை பழைய வடிவங்கள், இக்கால வழக்கில் இல்லை என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அப்பாற் செல்வார். பழையது எதனாற் பழையதாயிற்று, புதியது எங்கிருந்து வந்து புகுந்தது என்னும் வினா வகுப்பறையில் எழுவது அருமை.

விடை சுவையானது. முற்காலத்தில் இங்கிலாந்தின் தென்புலத்தாரிடம் வழங்கியது ‘எத்’ ஈறு. வடபுலத்தாரிடம் வழங்கியது ‘எஸ்’ ஈறு. இலண்டனின் எழுத்துமொழி நெடுங்காலம் ‘எத்’ பக்கமே நின்றது. வடக்கத்தி ஈறு மெல்ல மெல்லத் தெற்கே இறங்கியது. ஷேக்ஸ்பியர் (1564–1616) காலத்திலே பேச்சில் அதுவே மேலோங்கி விட்டது. அவர் நாடகங்களில் இரண்டுங் கலந்து வருகின்றன. 1611 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மன்னர் ஆதரவில் வெளிவந்த விவிலியமோ, தெய்வ நூலுக்குரிய பெருமிதங் கருதிப் பழைய ‘எத்’ ஈற்றையே போற்றி வைத்துக்கொண்டது. ஆகவே, இன்று உலகமெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் ‘இதுவே சரி’ என்று கற்பிக்கின்ற வடிவம், ஒருகாலத்தில் தலைநகரத்தார் எழுதத் தகாததென ஒதுக்கிய வடபுல வழக்கேயாம். தென்புலத்தாரின் செம்மை வடிவம் கோயிலுக்குள்ளே போயிற்று. வடபுலத்தாரின் நாட்டு வடிவம் அரியணை ஏறிற்று.

ஆங்கிலத்தாரின் ஈற்றைப் பற்றி யாழ்ப்பாணத்துத் தமிழாசிரியன் ஒருவன் இத்துணை கவலை கொள்வானேன் என அன்பர்கள் நினைத்தல் கூடும். காரணம் உண்டு. நம் வீட்டு வாயிலிலேயே இத்தகைய ஈறு ஒன்று நாடோறும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லாமல் நம்மில் எவரும் படலையைத் தாண்டுவதில்லை. அந்த ‘வாறன்’ என்பதன் கடைசியில் நிற்கும் ‘அன்’ எங்கே பிறந்தது?

தமிழகத்து அன்பர் இதனைக் கேட்டால் நகைப்பர். அவருக்கு அது ‘வாரேன்’ அல்லது ‘வர்றேன்’. எழுத்திலே ‘வருகிறேன்’. தன்மை ஒருமைக்கு ‘ஏன்’ ஈறே உரியதென்றும், ‘அன்’ ஈறு அவன் என்னும் ஆண்பாற் படர்க்கைக்கு உரியதென்றும் அவர் பள்ளியிற் படித்திருப்பார். நம் பிள்ளைகளும் அவ்வாறே படிக்கின்றனர். ஆகவே ‘நான் வாறன், நான் போனன், நான் செய்வன், நான் மாட்டன், நான் அறியன்’ என நாம் வாய்கொள்ளாமற் பேசுவன யாவும் ‘ஏன்’ சிதைந்து கெட்ட கொச்சை என்பது படித்தோரிடையே ஏறக்குறைய முடிந்த முடிபாகி விட்டது. பல்கலைக்கழகம் சென்று வந்தோரும் இதனை வெட்கத்துடன் கூறக் கேட்டிருக்கின்றேன். நூல்கள் கூறுவது யாது என்று பார்ப்போம்.

தொல்காப்பியனார் வினையியலிலே தன்மை ஒருமை வினைமுற்றுக்கு ஏழு ஈறுகள் கூறினார். கு, டு, து, று என்னும் குற்றியலுகர ஈறுகள் நான்கு. என், ஏன், அல் என்பன மூன்று. இவற்றுள் முதல் நான்கும் இன்று நமக்குப் பெரு வியப்பைத் தருவன. ‘உண்கு’ என்றால் உண்பேன் என்பது பொருள். ‘சேறு’ என்றால் செல்வேன். ‘வருது’ என்றால் வருவேன். ‘வந்து’ என்பதே ‘வந்தேன்’ என்று முற்றாகவும், ‘சென்று’ என்பதே ‘சென்றேன்’ என்று முற்றாகவும் நிற்றல் கூடும். ‘உண்டு’ என்பதும் அவ்வாறே. பண்டித வகுப்பிலே இவ்விடம் வரும்போது மாணவர் முகத்தில் ஒருவகைத் திகைப்புப் படரும். ‘வந்து’ என்பது எச்சமோ முற்றோ என்று எவ்வாறு அறிவது எனக் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் அவ்வினாவிலேயே அவ்வீறுகள் மறைந்த வரலாறும் அடங்கியிருக்கின்றது. இறந்தகால வினையெச்சமும் தன்மை முற்றும் ஒரே உருவில் நின்றால் கேட்பவன் எத்தனை காலம் பொறுத்துக்கொண்டிருப்பான்? ஒன்று விலகத்தான் வேண்டும். முற்று விலகிற்று, எச்சம் நிலைத்தது.

‘செய்வல், உரைப்பல், காண்பல்’ எனச் சங்கப் பாட்டுக்களில் வரும் ‘அல்’ ஈறு எதிர்காலத்துக்கு மட்டுமே உரியது. அதுவும் பேச்சினின்று நீங்கியது. ‘வந்தனென்’ போன்ற ‘என்’ ஈறு சங்கப் புலவர்க்கு மிக உவப்பானது. இன்று அதுவுஞ் செய்யுளளவில் நின்றுவிட்டது. எஞ்சியது ‘ஏன்’. பிற்கால உரைநடையில் அது தனியரசு செலுத்துகின்றது. இக்கட்டுரையிலும் ‘கூறுகின்றேன், கேட்டிருக்கின்றேன்’ என்று அதற்கே யானும் திறை கொடுத்துக்கொண்டிருக்கின்றேன்.

தொல்காப்பியனார் கூறிய ஏழனுள் ‘அன்’ இல்லை. இதுகாறும் வழக்கு நமக்கு எதிராகவே இருக்கின்றது. ஆயின் நூல் இதனோடு முடியவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூல் செய்தார். அவர் தன்மை ஒருமை ஈறுகளைச் சொல்லும்போது பழைய ஏழனையும் தள்ளாமல் வைத்துக்கொண்டு எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தார். அந்த எட்டாவது ஈறு ‘அன்’! ‘உண்டனன் யான்’, ‘உண்பன் யான்’ என்றாற்போல்வன அதற்கு உதாரணங்களாம். நம்மூர்ப் பாட்டி ‘நான் நாளைக்கு வருவன்’ என்று சொல்லும்போது, பவணந்தியார் நூலில் அமைத்த வடிவத்தை ஓர் எழுத்துக் கூட்டாமலும் குறையாமலும் சொல்கின்றாள். ‘வருவேன்’ என்பது தொல்காப்பியம். ‘வருவன்’ என்பது நன்னூல். இரண்டும் இலக்கணமே.

தொல்காப்பியத்தில் இல்லாததை நன்னூலைக் காட்டி நிறுவுதல் எவ்வாறு பொருந்தும் என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அவருக்கு ஒரு விடை. அவர் தம்மைச் சுட்டும்போது எச்சொல்லை வழங்குகின்றார்? ‘நான்’ என்கின்றார். தொல்காப்பியனார் அறிந்த தன்மை ஒருமைப் பெயர் ‘யான்’ ஒன்றே. ‘நான்’ அவர் நூலில் இல்லை. அதற்கு இலக்கண உரிமை கொடுத்ததும் நன்னூலே. ‘நான்’ என்பதை நன்னூல் வாயிலாக ஏற்றுக்கொண்டு, அதே நூல் அதே கையால் நீட்டிய ‘அன்’ ஈற்றை மட்டும் கொச்சை என ஒதுக்குவது நடுநிலை ஆகாது. நிகழ்காலங் காட்டும் ‘கின்று, கிறு’ என்னும் இடைநிலைகளும் சங்கப் பாட்டுக்களில் மிக அருகியே காணப்படுவன. அவற்றுக்கு வரம்பு கட்டித் தந்ததும் நன்னூலே. ஆக, ‘நான் வருகிறேன்’ என்ற தொடரிலே பெயரும் இடைநிலையும் பிற்காலத்தன. ஈறு ஒன்றே தொல்காப்பியர் கண்டது. பழையன கழிதலும் புதியன புகுதலும் குற்றமல்ல என்று பவணந்தியார் நூலை முடிக்குமிடத்துக் கூறியதை நாம் மேடைகளில் அடிக்கடி எடுத்தோதுகின்றோம். நம் வீட்டு மொழிக்கு மட்டும் அதனைப் பொருத்திப் பார்ப்பதில்லை.

இனி, ‘வாறன்’ என்பதைப் பகுபத முடிபு செய்து காண்போம். வரு என்பது பகுதி. கிறு என்பது நிகழ்கால இடைநிலை. அன் என்பது தன்மை ஒருமை விகுதி. ‘வருகிறன்’ என்பது நேரிய வடிவம். இடையிலுள்ள ககரம் நெகிழ்ந்து உயிர் நீள, ‘வாறன்’ ஆயிற்று. போகிறன், போறன் ஆயிற்று. இருக்கிறன், நிற்கிறன் என்பவற்றில் வல்லொற்று இரட்டித்துக் காவல் செய்தமையாற் ககரம் கெடவில்லை. மெலிவு நிகழ்ந்தது பகுதியும் இடைநிலையும் கூடுமிடத்தில். ஈற்றில் எவ்வகை மெலிவும் இல்லை. தமிழகத்துப் பேச்சிலே பலவிடங்களில் ‘வாரேன்’ என்பதன் இறுதி னகரம் மூக்கொலியாய்த் தேய்ந்து போகின்றது. நம்மவர் வாயிலோ ‘ன்’ தெளிவாகக் காதில் விழும். எவர் சிதைத்தார், எவர் காத்தார் என்று வாதாட யான் வரவில்லை. சிதைவு ஒருபாற்கே உரியதன்று என்பதே கருத்து.

மற்றுமொரு நயம் உண்டு. செய்யுள் வழக்கில் ‘வந்தனன்’ என்பது அவனுக்கும் ஆகும். நன்னூலார் கூறியபடி எனக்கும் ஆகும். சூழல் நோக்கியே பிரித்தறிதல் வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சு இந்த மயக்கத்தை எவ்வளவு எளிதாகத் தீர்த்து வைத்திருக்கின்றது பாருங்கள். குறில் எனக்கு, நெடில் அவனுக்கு. ‘வந்தன்’ என்றால் நான்; ‘வந்தான்’ என்றால் அவன். ‘போனன்’ நான், ‘போனான்’ அவன். ஒரு மாத்திரை வேறுபாட்டில் இடம் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. எழுவாய் இல்லாமலே வாக்கியம் விளங்கும். நம் உடன்பிறப்பு மொழியாகிய மலையாளம் இந்த ஈறுகளை முழுவதும் இழந்துவிட்டது. அங்கே நான் வந்தாலும் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் வினை ஒன்றே. ஈறுகளைப் பாதுகாப்பதிலும் அவற்றை வேறுபடுத்துவதிலும் நம் பாட்டிமார் காட்டிய கவனத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

இவ்விடத்தில் ‘வந்தனான்’ என்னும் வடிவையும் கூறாது விடல் ஆகாது. ‘நான் வந்தன்’ என்பதற்கும் ‘நான் வந்தனான்’ என்பதற்கும் பொருள் வேறுபாடு உண்டென்பது நம்மில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். முன்னையது நிகழ்ச்சியைச் சொல்கின்றது. பின்னையது அந்நிகழ்ச்சி நடந்தேறி நிலைபெற்றதைச் சொல்கின்றது. ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று தாய் மகனைக் கடியும்போது அந்தச் சொல்லில் இருக்கும் உறுதி ‘சொன்னன்’ என்பதில் இல்லை. இதனைப் பிரித்தால் ‘சொன்ன நான்’. ‘நீ சாப்பிட்டனீயோ?’ என்பது ‘சாப்பிட்ட நீ’. ‘நாங்கள் போனனாங்கள்’ என்பது ‘போன நாங்கள்’. ‘அவர் வந்தவர்’, ‘அவள் வந்தவள்’ என்பன வெளிப்படை. வினையாலணையும் பெயரே பயனிலையாய் நிற்கின்றது. எழுத்துத் தமிழில் வினையாலணையும் பெயர் இன்று பெரும்பாலும் படர்க்கைக்கே சுருங்கிவிட்டது. ‘உண்டேனை, உண்டாயை’ எனத் தன்மைக்கும் முன்னிலைக்கும் அது வருமென்பதைப் படிப்பிக்கும்போது மாணவர் அதனை ஏட்டுச் சுரைக்காய் என்றே எண்ணுகின்றனர். தம் தாய் காலையில் ‘மருந்து குடிச்சனீயோ’ என்று கேட்டது அவ்விலக்கணத்துக்கு மிக அண்மையிலே நிற்கின்றதென்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. ‘அவை வருகினம்’ என்பதிலுள்ள ‘இனம்’ ஈறும், ‘உவன், உது’ என நாம் இன்னும் வழங்கும் உகரச் சுட்டும் தனித்தனியே எழுதத்தக்கன. அவற்றை இங்கே தொடவில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் மாணவர் எழுதிய கட்டுரைகளைப் பார்வையிடும் வாய்ப்புக் கிடைத்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பேர்த்தியாரைப் பற்றி எழுதியிருந்தாள். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுதும் பெயர்ந்து நடந்தபோது, அம்முதியவளின் மகன், பின்னே விட்டுவந்த பசுவை அவிழ்த்துவிட்டு வருவதாகத் திரும்பிப் போனான். போகும்போது ‘அம்மா, வாறன்’ என்றான். அவன் வரவில்லை. இன்றும் பேர்த்தியார் மாலையானால் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் காட்டுவாள் என்று அப்பிள்ளை எழுதியிருந்தாள். நடை செம்மையாகவே இருந்தது. கட்டுரை முழுவதிலும் அவள் வழங்கிய பேச்சுச் சொல் அஃது ஒன்றே. அதுவும் மேற்கோட் குறிக்குள். திருத்தியவர் அதனை அடித்து, மேலே ‘வருகிறேன்’ என்று எழுதி, ஓரத்தில் ‘கொச்சை தவிர்க்க’ என்று குறித்திருந்தார்.

அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் தாம் கற்றபடி செய்தார். ஆயினும், அவன் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தத் தாய் அத்தனை ஆண்டுகள் காத்து வைத்திருந்தது ஒரு சொல்; அச்சொல்லின் ஈற்றுக்கு நன்னூலிலே இடம் இருக்கின்றது. அப்பிள்ளையை அழைத்து, மேற்கோளுக்குள் நீ எழுதியதே சரி என்று சொன்னேன். சூத்திரத்தையும் எடுத்துக் காட்டினேன். அவள் முதலில் நம்பவில்லை. நன்னூலிலே ‘எங்கட கதை’ இருக்கின்றதா என்று கேட்டாள்.

இவ்விடயத்தில் என்னையொத்த பண்டிதர் மரபினர் நடந்துகொண்ட முறையையும் மறைத்தல் ஆகாது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் என ஒன்று நிகழ்ந்தது. கதைகளில் மக்கள் பேசும் மொழியை அப்படியே எழுதலாமோ என்பது அதன் நடுவில் நின்ற வினாக்களுள் ஒன்று. எழுதலாம் என்றார் முற்போக்கு எழுத்தாளர். பண்டிதர் பலர் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தனர். அப்பழிப்பிலே இலக்கணத்தைக் காட்டிலும் சாதித் திமிர் மிகுந்திருந்ததென்று கூற யான் அஞ்சவில்லை. பழித்தவர் தம் வீட்டுத் திண்ணையில் ‘வாறன், போறன்’ என்றே பேசினர் என்பதும் ஊரறிந்தது. அவ்வாரவாரங்களுக்கு இருபது ஆண்டு முன்பே, இலண்டனிலே ஏழாம் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்களின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, ‘உடையார் மிடுக்கு’ முதலிய நாடகங்களை ஊர்ப்பேச்சிலேயே எழுதி ‘நானாடகம்’ என 1940 இல் வெளியிட்டிருந்தார். கல்வெட்டைக் கற்றவருக்குப் பேச்சுமொழி இழிவாகத் தோன்றவில்லை. கல்லில் வெட்டினவனும் ஒருகாலத்தில் வாயாற் பேசினவனே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868 இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவ்வுரைக்கு விளக்கக் குறிப்பு வரைந்து 1938 இல் வெளிவரச் செய்தவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். தமிழ் இலக்கணத்துக்கு இத்துணை உழைத்த மண் இது. தன் வாய்மொழியை இலக்கணத்துக்குப் புறம்பென்று தானே தள்ளிக்கொள்ள இம்மண்ணுக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

எழுத்திலும் ‘வாறன்’ என்றே எழுதுக என்று யான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. கட்டுரைக்கும் கடிதத்துக்கும் சட்டத்துக்கும் பல நாட்டுத் தமிழர்க்கும் பொதுவான நடை ஒன்று வேண்டும்; அதற்கு ‘ஏன்’ ஈறு வாய்த்திருக்கின்றது; அஃது இருக்கட்டும். பரீட்சையில் மாணவன் அதனையே எழுதுக. நான் வேண்டுவது வேறு. பொதுநடை வேறு, பிழை வேறு என்ற பகுப்பை ஆசிரியர் அறிதல் வேண்டும். இப்பொழுது அதனினும் புதிய இடர் ஒன்று தோன்றியிருக்கின்றது. தொலைக்காட்சியும் திரைப்படமும் கேட்டு வளரும் நம் சிறுவர் சிலர் ‘வர்றேன்’ என்று பேசத் தொடங்கியிருக்கின்றனர். அது செந்தமிழுமன்று, நம்மூர்த் தமிழுமன்று. பிறிதோர் ஊரின் கொச்சை. கொச்சைக்கு அஞ்சிக் கொச்சையிற் புகுவதை என்னென்பது? 1983 இன் பின் கடல் கடந்தோரின் பிள்ளைகள் இலண்டனிலும் தொரன்ரோவிலும் தமிழ் எழுத்தறியாமலே வளர்ந்தும், தொலைபேசியை வைக்கும்போது ‘அம்மம்மா, வைக்கிறன்’ என்கின்றனர். இங்கே நாம் நாணுவதை அங்கே அவர்கள் முதுசமாக வைத்திருக்கின்றனர்.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தொல்காப்பியத்தில் இல்லாத ‘அன்’ எங்கிருந்து வந்தது? ‘என்’ என்பதன் எகரம் மெலிந்து அகரமாயிற்று என்று கூறலாம். ‘வந்தனென்’ என்பதற்கும் ‘வந்தனன்’ என்பதற்கும் ஏட்டிலே ஒரு கொம்புதான் வேற்றுமை. இரண்டும் குறிலாகலின் யாப்புங் காவல் செய்யாது. எழுதுவோன் கை தவறினால் ஒன்று மற்றொன்றாகும். இதனால், பழைய செய்யுட்களில் வரும் தன்மை ‘அன்’ ஒவ்வொன்றையும் சான்றாகக் கொள்ளுதல் அபாயம். ‘செய்வல்’ நின்ற இடத்தைச் ‘செய்வன்’ பற்றிக்கொண்டது என்று கூறவும் இடமுண்டு. எதிர்காலத்தில் அது பொருந்தும். ‘போனன்’ என்னும் இறந்தகாலத்துக்குப் பொருந்தாது.

எனக்கு உடன்பாடானது பிறிதொன்று. தன்மை ஒருமையை மட்டும் நோக்காமற் பன்மையையும் நோக்குக. நாம் ‘நாங்கள் வாறம், நாங்கள் போனம், நாங்கள் செய்வம்’ என்கின்றோம். எழுத்திலே ‘வருகிறோம், போனோம், செய்வோம்’. இந்த ‘அம்’ ஈறும் கொச்சை என்றே கருதப்படுகின்றது. ஆனால் தொல்காப்பியனார் தன்மைப் பன்மைக்குக் கூறிய ஈறுகளில் முதலில் நிற்பது எது? அம்! அதன் பின்னரே ஆம், எம், ஏம் என்பனவும் பிறவும். நாம் எழுதும் ‘ஓம்’ அவ்வரிசையிலே இல்லை. இங்கே தொல்காப்பியம் நம் பேச்சின் பக்கமே நேராக நிற்கின்றது.

அவ்விரு வரிசையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பன்மையில் எம், ஒருமையில் என். பன்மையில் ஏம், ஒருமையில் ஏன். மகரம் பன்மை, னகரம் ஒருமை. யாம், யான் என்பவற்றிலும் நாம், நான் என்பவற்றிலும் உள்ள அதே முறை. பன்மையில் அம் உண்டு. அதற்கு இணையாய் ஒருமையில் நிற்கவேண்டிய இடம் மட்டும் வெறிதாய் இருக்கின்றது. அவ்விடத்துக்குரியது ‘அன்’. வழக்கு அதனை நிரப்பியது. பவணந்தியார் நிரம்பியதைக் கண்டு சூத்திரத்தில் அமைத்தார். ஈழத்தார் இரண்டையும் சோடியாகவே வைத்துக்கொண்டனர். ‘செய்வன், செய்வம்’; ‘போறன், போறம்’. இவ்வொழுங்கு தற்செயலாய் நேர்ந்த சிதைவென்று யான் கருதவில்லை.

அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரை, அஃதாவது எதிரே நிற்பவரைத் தன்னோடு உளப்படுத்தும் என்றும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் உரையாசிரியர் வகுத்துக் காட்டுவர். இப்பகுப்பை நம் பேச்சு முற்றாகக் காக்கவில்லை. வந்தவரிடம் ‘நாங்கள் நேற்றே போனம்’ என்று அவரை நீக்கியும் பேசுகின்றோம். ஆயினும் வகுப்பில் அவ்விடத்தை நடத்தும்போது, உளப்பாட்டுக்கு உதாரணந் தேடி யான் ஏடுகளைப் புரட்டுவதில்லை. கரும்பலகையில் இரண்டு சொல் எழுதுகின்றேன்: ‘வாங்கோ, போவம்.’